ரூட் கெனால் தோற்றால்: ஒரு பொறுப்பின் வரலாறு

ரூட் கெனால் என்று எல்லோரும் சொல்லும் வேர் சிகிச்சை, பல்லைப் பிடுங்காமலேயே அதற்குள் புகுந்த நோயை வெளியேற்றும் முயற்சி. எனாமலுக்கும் டென்டினுக்கும் அடியில் நரம்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை இறங்கிவிட்டால் கூழ் அழுகும். கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்பை எட்டிச் சீழ் கட்டும். பல்லில் துளையிட்டுக் கூழை எடுத்து, வேர்க்குழல்களைச் சுத்தம் செய்து, கிருமி மறுபடி நுழையாதபடி அடைத்து, மேலே கேப் போட்டால் வேலை முடிந்தது. முடிந்த பிறகும் சில பற்கள் வலிக்கின்றன. வேறு சில, வலியே காட்டாமல் வேர் நுனியில் எலும்பை அரித்துக்கொண்டிருக்கின்றன. இந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வயது அதிகம் இல்லை. வேருக்குள் நடப்பதை 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை யாராலும் பார்க்க முடியவில்லை; பார்க்க முடியாத இடத்தில் நடந்த பிழைக்கு எவரையும் பொறுப்பாக்கவும் முடியவில்லை.

அதற்கு முந்தைய காலத்தில் பழி முழுவதும் புழுவின் மேல்தான் விழுந்தது. பல்லைப் புழு தின்பதால்தான் வலி வருகிறது என்ற நம்பிக்கை பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கிறது. சீனத்திலும் ஐரோப்பாவிலும் இருந்தது. தமிழ்நாட்டில் ‘பல்லில் பூச்சி’ என்று சொல்வதும், கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு அதன் புகையைப் பல்லில் படவைப்பதும் அதே நம்பிக்கையின் கிளைகள். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய மண்டையோடு ஒன்று கிடைத்தது. அதன் முன்பல் வேருக்குள் வெண்கலக் கம்பித் துண்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. புழு வரும் வழியை அடைக்கச் செய்த வைத்தியமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

பாரிஸ் நகரத்துப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில் புழுக் கதையை ஒதுக்கினார். சொத்தைப் பற்களை நுண்ணோக்கியில் தேடிப் பார்த்தும் புழுவைக் காணவில்லை என்பது அவர் சொன்ன காரணம். சீழ் கட்டிய பல்லைத் துளையிட்டு வடியவிட்டு, சில காலம் திறந்தே வைத்து, பிறகு ஈயத்தால் அடைக்கும் முறையையும் அவர் விவரித்தார். 1836இல் அமெரிக்காவில் ஸ்பூனர் என்ற பல் வைத்தியர் கூழைச் சாகடிக்க ஆர்சனிக்கைப் பரிந்துரைத்தார். கூழ் செத்தது, மருந்து கசிந்த இடங்களில் ஈறும் எலும்பும் சேர்ந்தே செத்தன. 1838இல் வாஷிங்டனின் எட்வர்ட் மேனார்ட் கடிகாரச் சுருள்வில்லை அராவி, கூழை இழுத்தெடுக்கும் மெல்லிய ஊசியைச் செய்தார். துப்பாக்கி வடிவமைப்பாளராகவும் பெயர் வாங்கியவர் அவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் வெடித்தன. வேர்க்குழலைச் சுத்தம் செய்யும் இன்றைய ஃபைல்களுக்கு மூத்தது அந்தக் கடிகார ஊசிதான்.

அடைப்புப் பொருள் மலாயாக் காடுகளிலிருந்து வந்தது. கட்டாப்பர்ச்சா மரத்தின் பால் உறைந்தால் இறுகும், வெந்நீரில் இளகும். சிங்கப்பூரில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843இல் இதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது, கோல்ஃப் பந்தானது, 1867இல் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பௌமன் கையில் வேர்க்குழலை அடைக்கும் பொருளானது. தந்திக் கம்பியும் பந்தும் வேறு பொருள்களுக்கு மாறிவிட்டன. பல் மருத்துவம் மட்டும் ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அதை விடவில்லை. அதே காலத்தில், 1864இல், நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் எச்சில் படாமல் பல்லைத் தனிமைப்படுத்த ஒரு ரப்பர் திரையைக் கண்டுபிடித்தார். காப்புரிமை வாங்காமல் தொழிலுக்கே கொடுத்துவிட்டார். இலவசமாகக் கிடைத்த அந்த ரப்பர் டேமை இன்றுகூடப் பல மருத்துவர்கள் மாட்டுவதில்லை என்பது இத்தொழிலின் விசித்திரங்களில் ஒன்று.

1895 நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே ஜெர்மனியில் ஆட்டோ வால்காஃப் தன் பற்களைப் படமெடுத்துக்கொண்டார். நியூ ஆர்லியன்ஸின் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் 1899இல் வேர்க்குழலுக்குள் ஈயக் கம்பியை வைத்துப் படமெடுத்து, கருவி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளந்தார். நுனிவரை அடைத்துவிட்டதாக நம்பப்பட்ட வேர்கள் பாதியிலேயே நிற்பதும், சில குழல்கள் தொடப்படாமலேயே கிடப்பதும் முதன்முறையாகத் தெரியவந்தன. எக்ஸ்ரே படம், பல் மருத்துவர் தன் வேலையைத் தானே சரிபார்க்க உதவியது. அவருடைய பிழைக்கு அழியாத சாட்சியாகவும் நின்றது. கெல்ஸ் அதற்குக் கொடுத்த விலை பெரிது. கதிர்வீச்சால் புற்றுநோய் வந்து விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1928இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

எக்ஸ்ரேயில் தெரிந்த தோல்விகளைத் தொழில் எப்படி எதிர்கொண்டது என்பதுதான் இந்த வரலாற்றின் மிக மோசமான அத்தியாயம். 1910 அக்டோபரில் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் ஓர் உரை நிகழ்த்தினார். அழுகிய வேர்களின் மேல் தங்கக் கேப்பும் பாலமும் கட்டி உள்ளே சீழை மூடிவைக்கும் அமெரிக்கப் பல் மருத்துவத்தை அவர் வெளுத்து வாங்கினார். சொன்னதில் உண்மை இருந்தது. ரப்பர் டேம் இல்லாமல், கருவியைக் கொதிக்கவைக்காமல், படம் பார்க்காமல் கேப் மாட்டுவது அன்று சாதாரணமாக நடந்தது. ஆனால் அந்த உண்மையிலிருந்து எட்டிய முடிவு விபரீதமானது. பல்லடிச் சீழிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டுவாதம், இதய நோய், சிறுநீரக நோய், ஏன் மனநோய்கூட வரும் என்ற ‘குவிய நோய்த்தொற்று’ கோட்பாடு 1912 வாக்கில் சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் போன்றவர்களால் பரவியது. கூழ் எடுத்த பல் ஒவ்வொன்றும் உடம்பில் புதைத்த நஞ்சு என்றானது. நல்ல பற்களும் கூடைகூடையாகப் பிடுங்கப்பட்டன. நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன், பைத்தியத்தைக் குணமாக்குவதாகச் சொல்லி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். அத்தோடு நிற்காமல் உள்நாக்குச் சதை, பெருங்குடல் என்று வெட்டிக்கொண்டே போனார். பலர் செத்தார்கள். பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ், வேர் சிகிச்சை செய்த பற்களை முயல்களின் தோலுக்கடியில் புதைத்து, முயல்கள் நோயுற்றதை 1923இல் சான்றாகக் காட்டினார்.

இந்தப் புயலை எதிர்த்தவர்களில் கெல்ஸும் ஒருவர். எக்ஸ்ரேயைத் தவறாகப் படித்துப் பற்களைப் பிடுங்குவது குற்றம் என்று 1920இல் வெளிப்படையாகவே பேசினார். கோட்பாடு மெல்லத்தான் சரிந்தது. 1938இல் மருத்துவர்கள் செசிலும் ஏஞ்சவைனும் 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து, பல்லையும் டான்சிலையும் அகற்றியதால் நோய் தீரவில்லை என்று காட்டினார்கள். பிரைஸின் முயல் சோதனைகளில் கிருமிக் கட்டுப்பாடே சரியாக இல்லை என்பதும் தெரிந்தது. எனினும் பல் மருத்துவக் கல்லூரிகளில் வேர் சிகிச்சை ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கு ஒதுக்கப்பட்டே கிடந்தது. அந்தப் பயம் இன்னும் முழுதாகச் சாகவில்லை. ரூட் கெனால் செய்த பல் புற்றுநோயைத் தரும் என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்திகளின் தாத்தா இந்தப் பழைய கோட்பாடுதான்.

தோல்வி ஏன் நேர்கிறது என்பதற்கு அறிவியல் பதில் வேறு திசையிலிருந்து வந்தது. பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கர் டபிள்யூ. டி. மில்லர் 1890களிலேயே அழுகிய கூழில் பாக்டீரியாவைப் பார்த்திருந்தார். உறுதியான நிரூபணம் 1965இல் கிடைத்தது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளின் பற்கூழைத் துளையிட்டுத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் செத்துச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளிலோ, துளையில் உணவு அடைந்துகொண்ட போதும், கூழ் சாகவில்லை. காயத்தின் மேல் டென்டின் வளர்ந்து மூடியது. கூழை அழுகவைப்பது கிருமிதான். அப்படியானால் சிகிச்சை தோற்பதன் பொருளும் பெரும்பாலும் ஒன்றுதான்: கிருமி உள்ளே விடப்பட்டிருக்கிறது, அல்லது மறுபடி புகுந்திருக்கிறது.

உள்ளே விடப்படுவதற்குப் பல்லின் அமைப்பே பாதிக் காரணம். சூரிச் நகரத்து வால்டர் ஹெஸ் ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, பல்லைக் கரைத்து, குழல்களின் அச்சை எடுத்துக் காட்டினார். நேரான குழாய் என்று பாடப்புத்தகம் வரைந்த இடத்தில் கிளைகளும் வலைப்பின்னலும் இருந்தன. மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர், மூன்று குழல் என்றே நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் முன்பக்க வேரில் இரண்டாவது குழல் ஒன்று ஏறத்தாழ பாதிப் பற்களில் இருப்பதை 1969இல் ஃபிராங்க்ளின் வைன் காட்டினார். நுண்ணோக்கி வந்த பிறகு அந்த விகிதம் இன்னும் கூடியது. ஆக 1960இல் அந்த நான்காவது குழலைத் தவறவிட்ட மருத்துவர் தன் காலத்து அறிவின்படி சரியாகவே நடந்தார். இன்று அதைத் தேடாமலேயே மூடுபவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பொறுப்பின் எல்லை இப்படித்தான் ஒவ்வொரு கண்டுபிடிப்போடும் நகர்ந்தது.

வெற்றி எது, தோல்வி எது என்பதை வரையறுத்தவர் ஸ்வீடனின் ஸ்ட்ரிண்ட்பெர்க். அவருடைய 1956ஆம் ஆண்டு ஆய்வு, வலி இல்லை என்பதை மட்டும் வெற்றியாக ஏற்கவில்லை. எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றிய எலும்பு இயல்பாகத் தெரிய வேண்டும் என்றது. ஆறுவதற்குக் காலம் பிடிப்பதால், முடிவு சொல்ல நான்கு ஆண்டுகள்வரை காத்திருக்கச் சொன்னது. ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டுதல் இன்றும் அந்தக் கணக்கையே பின்பற்றுகிறது: ஓராண்டில் ஒரு படம், புண் ஆறாவிட்டால் நான்காண்டுவரை கண்காணிப்பு. 1990இல் ஊமியோ நகரத்தில் ஷோகிரனும் அவர் குழுவினரும் 8 முதல் 10 ஆண்டுகள் கழித்து நோயாளிகளை மறுபடி அழைத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் வேர் நுனியில் எலும்பு கெடாத பற்களில் 96 விழுக்காடு வென்றிருந்தன. கெட்டிருந்த பற்களில் 86. ஏற்கெனவே ஒரு முறை தோற்று, எலும்பும் கெட்டு, மறு சிகிச்சை செய்யப்பட்ட பற்களில் 62 மட்டுமே. கவனமாகச் செய்தாலும் நூற்றுக்குச் சில பற்கள் தோற்கும் என்பதற்கு இந்த எண்கள் சாட்சி. முதல் முறை செய்யும் வேலையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்கும் இவையே சாட்சி.

மறுபடி கிருமி புகும் வழி பெரும்பாலும் மேலே இருக்கிறது. 1995இல் ரேயும் ட்ரோப்பும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களின் படங்களைப் பார்த்து, வேர் அடைப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட மேலடைப்பின் தரம் எலும்பின் நலத்தோடு கூடுதலாகத் தொடர்புடையது என்று எழுதினார்கள். அந்த முடிவின் அளவு பற்றிப் பின்னால் விவாதம் நடந்தாலும், மேலடைப்பும் முக்கியம் என்ற அடிப்படைச் செய்தி நிலைத்தது. வலி போனதும் கேப் போட வராமல் தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் சுற்றும் நோயாளிக்கும் இதனால் பொறுப்பில் பங்கு உண்டு. கேப் அவசியம் என்பதை அவருக்கு விளங்கச் சொல்லாத மருத்துவருக்கு அதைவிடப் பெரிய பங்கு.

சட்டம் இந்த மருத்துவ அறிவின் பின்னால் நடந்துவந்தது. இந்தியாவில் நெடுங்காலம் பல் வைத்தியத்துக்குப் பட்டமும் வேண்டியதில்லை, உரிமமும் வேண்டியதில்லை. கல்கத்தாவிலும் சென்னையிலும் கடை வைத்திருந்த சீனப் பல் வைத்தியர்கள், சந்தையில் குறடோடு உட்கார்ந்தவர்கள், எல்லோரும் ஒரே தொழிலில்தான் இருந்தார்கள். ரஃபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் 1953இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு வந்தது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது: பட்டம் பெற்றவர்கள் ஒரு பகுதியில், பட்டமில்லாத அனுபவசாலிகள் மற்றொன்றில். அதன் கீழ் அமைந்த இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு மாற்றாக ஓர் ஆணையத்தை அமைக்கும் சட்டத்தை 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, நோயாளிக்குப் பதில் சொல்வது வேறு. 1957இல் இங்கிலாந்தின் போலம் வழக்கு, அதே துறையில் தேர்ந்த ஒரு சாரார் ஏற்கும் முறையில் மருத்துவர் நடந்திருந்தால் அது அலட்சியமாகாது என்ற அளவுகோலைத் தந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1969இல், எலும்பு முறிவு சிகிச்சை சம்பந்தமான ஒரு வழக்கில், மருத்துவரின் கடமைகளை மூன்றாக வகுத்தது: நோயாளியை ஏற்பதா என்று முடிவெடுப்பதில் கவனம், எந்தச் சிகிச்சை என்று முடிவெடுப்பதில் கவனம், அதைச் செய்வதில் கவனம். வேர் சிகிச்சைக்கு இந்த வகுப்பு அப்படியே பொருந்துகிறது. வளைந்த வேரும் மூடிப்போன குழலும் உள்ள பல்லைத் தன்னால் முடியாது என்று நிபுணரிடம் அனுப்பாமல் கை வைப்பவர், முதல் கடமையிலேயே தவறிவிடுகிறார்.

1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர்களுக்கும் பொருந்துமா என்ற சண்டையை 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை சேவைதான். எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்கு வெளியே. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கின் தீர்ப்பு மறுபக்கத்தைச் சொன்னது: சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலோ விபத்து நேர்ந்தது என்பதாலோ அலட்சியம் நிரூபணமாகிவிடாது. 2008இல் மற்றொரு தீர்ப்பு, சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றைச் சொல்லிப் பெற்றால்தான் அது சம்மதம் என்றது.

தோல்வி வேறு, அலட்சியம் வேறு என்ற இந்தக் கோட்டுக்கு உடைந்த ஃபைல் நல்ல எடுத்துக்காட்டு. தலைமுடி பருமனுள்ள கருவி வளைந்த குழலில் சுழலும்போது முறிந்து உள்ளே தங்குவது தேர்ந்த கைகளிலும் நேர்கிறது. 1970இல் கிரம்ப்பும் நாட்கினும் செய்த ஒப்பீடு, உடைந்த துண்டு உள்ளே இருப்பதாலேயே பல் தோற்றுவிடுவதில்லை என்று காட்டியது. துண்டுக்குக் கீழே கிருமி தங்கியதா என்பதே கேள்வி. எனவே முறிந்ததற்காக மட்டும் மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்லாமல் மேலே அடைத்து அனுப்பி, மூன்றாண்டு கழித்து வேறொரு மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயில் நோயாளி அதைக் காண நேர்ந்தால், அந்த மறைப்புக்கு எந்த நியாயமும் இல்லை. ரப்பர் டேம் மாட்டாமல் வேலை செய்து ஃபைலை நோயாளி விழுங்கிவிட்டால், அதற்கும் நியாயம் சொல்வது கடினம். தடுக்கும் கருவி 1864இலிருந்தே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சர்ஜென்டி பரப்பிய, வேர்க்குழலை அடைக்கும், ஃபார்மால்டிஹைடு கலந்த என்2 பசையும் இந்த வகைதான். வேலை சீக்கிரம் முடிகிறது என்று பலர் அதைப் பயன்படுத்தினார்கள். கீழ்த்தாடை நரம்புவரை கசிந்து உதடு நிரந்தரமாக மரத்துப்போனவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டு இழப்பீடு பெற்றார்கள்.

தோற்ற பல்லுக்கு இன்று வழிகள் இல்லாமல் இல்லை. 1990களில் பரவிய நுண்ணோக்கி, வளைந்து கொடுக்கும் நிக்கல் டைட்டானியம் ஃபைல், வேரில் விழுந்த ஓட்டையை அடைக்க 1993இல் டொராபினெஜாட் அறிமுகப்படுத்திய எம்டிஏ சிமென்ட் ஆகிய மூன்றும், முன்பென்றால் பிடுங்கப்பட்டிருக்கும் பற்களைக் காப்பாற்றுகின்றன. பழைய அடைப்பை எடுத்து மறு சிகிச்சை செய்யலாம். முடியாதபோது ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டி அடைக்கலாம். வேர் நெடுக விரிசல் விட்ட பல்லுக்கு மட்டும் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. மறு சிகிச்சையை இலவசமாகச் செய்யும்படி இந்தியச் சட்டம் எங்கும் கட்டளையிடவில்லை. பல மருத்துவர்கள் நல்லெண்ணத்தால் செய்கிறார்கள். அப்படிச் செய்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஆகாது.

மருத்துவ அறிவும் சட்டமும் இன்னும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. வேர் ஆறிவிட்டதா என்று சொல்ல நான்காண்டு தேவை என்கிறது ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் கணக்கு. 1986இன் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே தருகிறது. காரணம் எழுந்தது சிகிச்சை நடந்த அன்றா, பிழை தெரியவந்த அன்றா? 2010இல் பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், 1993இல் நடந்த அறுவைச் சிகிச்சையின்போது வயிற்றில் விடப்பட்ட துணி 2002இல்தான் வெளியே எடுக்கப்பட்டது. புகார் 2004இல் பதிவானது. பிழையை அறியவே வழியில்லாதபோது, அறிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஒன்பது ஆண்டுகள் வலியோடு இருந்தும் காரணத்தைத் தேடவில்லை, அதிலும் அந்த நோயாளி ஒரு செவிலியர் என்று சொல்லி அந்தப் புகாரைக் காலாவதியானதாகத் தள்ளுபடி செய்தது. ஆகவே ரூட் கெனால் செய்த பல் சில வாரங்களுக்குப் பிறகும் வலித்தாலோ, ஈறில் கொப்புளம் தோன்றினாலோ, மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலம் கடத்தாமல் உடனே படமெடுத்துப் பார்க்க வேண்டும்; சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களின் நகலை முதல் நாளிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.